பாதியில் திரும்ப முடியுமா? நான்கு நீர்க்கரைகள், ஒரு குடும்பம்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டில் தொங்குபாலத்தைக் கடந்து, அடுத்து வரும் படிக்கட்டில் நான்கைந்து படி ஏறியதும் அத்தை உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பர் விடுமுறை அது. “ஒன்றுமில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்” என்றார். ஆனால் வலது கை முழங்கால் முட்டியைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. முன்னால் மரப்படிகள் மேலேறி வளைந்து மறைந்தன. பின்னால் பாலம். அது ஒருவழிப் பாதை. வந்த வழியே திரும்ப முடியாது. அந்த விதியை நுழைவாயிலில் படித்துவிட்டுத்தான் எல்லாரும் ஏறினோம். படித்தபோது அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

கணவர் ஒருபக்கமும் மகன் மறுபக்கமும் கைகொடுக்க, படிக்குப் படி நின்று நின்று வனக்காவல் நிலையம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அங்கே தண்ணீர் கிடைத்தது, உட்கார இடம் கிடைத்தது. பஸ் நிறுத்தத்துக்கோ இன்னும் காட்டு வழியே நடக்க வேண்டியிருந்தது. அன்று இரவு அத்தையின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். கிளம்புவதற்கு முன் தூரம் எவ்வளவு என்று பார்த்தேன், படங்கள் அழகாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எங்கே வெளியேறுவது என்று பார்க்கவே இல்லை.

இந்த டிசம்பரில் அத்தை மறுபடியும் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து வருகிறார். வயது 71. நாத்தனாரின் பிள்ளைகள் இருவரும் உடன் வருகிறார்கள். ஒருவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஐந்து. என் மகனுக்குப் பதினைந்து. குறைந்தது பத்து கிலோமீட்டராவது இல்லாவிட்டால் அவனுக்கு அது நடையே அல்ல. இவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு எந்த நீர்க்கரைக்குப் போவது? மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், பிடோக், ஜூரோங் என்று நான்கு இடங்களையும் சென்ற சில மாதங்களில் தனியாகவும் கணவருடனும் மீண்டும் நடந்து பார்த்தேன். நம் வீடுகளில் பலவற்றிலும் இதே கலவையான கூட்டம்தான் விடுமுறைக்குச் சேர்கிறது என்பதால் எழுதுகிறேன்.

மெக்ரிட்சியிலிருந்து தொடங்குவதே முறை. சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் அதுதான். 1857-இல் வணிகர் டான் கிம் செங் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி (டாலர்) நன்கொடை கொடுத்தார். அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்துப் பறித்துத்தான் வேலை முடிந்தது. இன்றைய பெயர் 1922-இல் வந்தது. நகராட்சிப் பொறியாளராக இருந்து நீர்த்தேக்கத்தை விரிவுபடுத்திய ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் அது. நாம் இன்று காடு என்று சொல்லி மகிழ்கிற இடம், தண்ணீரைக் காப்பதற்காகத் தொடாமல் விட்ட மரங்களால்தான் காடாக நிற்கிறது. மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களையும் அணைத்தபடி இருக்கும் இந்த வனப்பகுதிதான் தீவின் நடுவே எஞ்சியிருக்கும் பெரிய பசுமை.

நடப்பவர்களுக்கு மெக்ரிட்சியில் ஒரே ஒரு பாதை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று வேறு வேறு நடைகள் அங்கே இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு ஆட்களுக்கானவை.

முதலாவது முழுச் சுற்று. சுமார் 11 கிலோமீட்டர். நல்ல நடைக்காரருக்கு மூன்று மணி நேரம், நின்று பார்த்துப் போகிறவர்களுக்கு நான்கு, ஐந்து. வேர்கள் குறுக்கே ஓடும் மண்பாதை, மழைக்குப் பின் வழுக்கும் சரிவு, மரப்பலகை நடைபாதை, இடையில் ஜெலுத்தோங் கோபுரம் என்று ஒவ்வொரு கிலோமீட்டரும் முகம் மாறும். ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். அதன் பாலிலிருந்து ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். அங்குள்ள பல பாதைகளுக்கு இப்படி மரப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: பெத்தாய், ஜெரிங், செம்பெராய். பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தால் பிள்ளைகளுக்கு நாலு மலாய்ச் சொல்லாவது வரும். ஆனால் இந்தச் சுற்றில் பாதி தூரம் போய்விட்டால் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம்தான். என் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் இதைவிடச் சிறந்த இடம் சிங்கப்பூரில் எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது கூடவே கூடாது.

இரண்டாவது, நாங்கள் அன்று மாட்டிக்கொண்ட தொங்குபால நடை. வின்சர் இயற்கைப் பூங்கா வழியாக, அதாவது வீனஸ் டிரைவ் பக்கமிருந்து நுழைந்தால் போய்வர சுமார் ஏழு கிலோமீட்டர். அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்த பிறகு அந்த வாயிலை எட்டுவது எளிதாகிவிட்டது. 2004-இல் திறந்த பாலம் 250 மீட்டர் நீளம்; மிக உயரமான இடத்தில் காட்டின் தரையிலிருந்து 25 மீட்டர் மேலே நிற்கிறோம். மரங்களின் தலையைப் பக்கவாட்டில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதில் நிற்காமல் சொல்லிப் புரியவைக்க முடியாது. கீழே நின்றால் இலை என்பது நிழல். அங்கே இலை என்பது வெயிலில் மின்னும் ஒரு பரப்பு. அதன்மேல் பறவைகள் நடக்கின்றன. அத்தையும் அதில் நின்றபோது முட்டியை மறந்துதான் இருந்தார். பிறகு வந்த படிகள்தான் நினைவூட்டின.

பாலத்துக்குப் போகிறவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பொது விடுமுறையாக இருந்தால் தவிர. காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள், வார இறுதியில் எட்டரைக்கு. ஆக, விடியற்காலைக் குளிர்ச்சியில் நடக்கலாம் என்று எண்ணி ஆறரைக்கே கிளம்பினால் கதவருகே காத்திருக்க வேண்டிவரும். பராமரிப்புக்காகவும் மரம் விழுந்ததற்காகவும் பாதைகளை இடையிடையே மூடுவார்கள் என்பதால், முதல் நாள் இரவு தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாலம் முடிந்த பிறகு வரும் பெத்தாலிங் பாதை முழுக்க ஏற்ற இறக்கப் படிகள். அதற்குக் குறுக்குவழி கிடையாது. முட்டி வலி இருப்பவரை அழைத்துச் செல்லும் முன் அவரால் வீட்டு அடுக்குமாடியில் நிற்காமல் எத்தனை மாடி ஏறி இறங்க முடிகிறது என்று கேளுங்கள். எட்டு, பத்து என்று தயங்காமல் சொன்னால் போகலாம்.

மூன்றாவது நடையைத்தான் ஆட்கள் மதிப்பதில்லை. மெக்ரிட்சி பூங்காவின் வாயிலில் நுழைந்து, நீரோரமாகவே செம்பெராய் பாதையின் மரப்பலகையில் நடந்து, போதும் என்று தோன்றிய இடத்தில் அப்படியே திரும்பிவிடுவது. அரை மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, நம் விருப்பம். காலடியில் தண்ணீர், தலைக்கு மேல் கிளை. படகோட்டிகள் துடுப்பு போடும் ஒலி வந்துகொண்டே இருக்கும். பாட்டியை அழைத்துப் போக மெக்ரிட்சியேதான் வேண்டும் என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் இதைச் சொல்லுங்கள். அன்று நானும் இதையே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது லோவர் பியர்ஸ். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

1910-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது, சிங்கப்பூரின் இரண்டாவது. இதற்கும் 1922-இல் இன்னொரு நகராட்சிப் பொறியாளரான ராபர்ட் பியர்ஸின் பெயரை வைத்தார்கள். 1970-களில் மேற்பகுதியில் புதிய அணை கட்டியதும் பழையது ‘லோவர்’ ஆயிற்று. பழைய அப்பர் தாம்சன் சாலையில் இறங்கிப் பூங்காவுக்குள் நடந்தால், கரையோரமாக 900 மீட்டர் மரப்பலகைப் பாதை. போய்வந்தால் இரண்டு கிலோமீட்டர் கூட இல்லை. தூரக் கணக்கு பார்க்கிறவர்கள் இதைத் தள்ளிவிட்டு மெக்ரிட்சிக்குப் போய்விடுவதால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் குறைவு.

அந்தப் பாதையின் இருமருங்கும் காடு மாதிரி நிற்பவற்றில் நிறைய ரப்பர் மரங்கள். ஒரு காலத்தில் இங்கே ரப்பர் தோட்டம் இருந்தது. கைவிட்ட பிறகு மற்ற மரங்கள் இடையில் புகுந்து வளர்ந்துவிட்டன. மெக்ரிட்சி அனுபவத்துக்கு மறு வாரம், முட்டி ஆறிய பிறகு, அத்தையை மெல்ல இங்கேதான் அழைத்து வந்தேன். எனக்கு அது வெறும் நிழல் பாதை. அவருக்கு அது வேறு.

இருபது அடி நடந்திருப்பார். நின்றார். ஒரு மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்து, இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்தார். அங்கே பழைய வெட்டின் தழும்பு ஒன்று, பட்டை மூடிப் புடைத்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதபடி இருந்தது. விரலுக்குத் தெரிந்திருக்கிறது. “இது பால் மரம்” என்றார். பதினான்கு வயதில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் அவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தன் பங்கு மர வரிசையான நிரையை வாங்கி, உளியும் வாளியுமாக மரத்துக்கு மரம் ஓடியது. மழை வந்தால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில் விழுந்த பாலெல்லாம் தண்ணீராகிப் போவது. மறுநாள் வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்தது. இத்தனை ஆண்டு ஒரே குடும்பத்தில் இருந்தும் இவற்றை அவர் வாயால் நான் வரிசையாகக் கேட்டதில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது அத்தை?” என்று கேட்டால், “என்ன இருந்தது, கஷ்டம்தான்” என்று முடித்துவிடுவார்.

பலகைக்குக் கீழே ஒரு ரப்பர் விதை கிடந்தது. பளபளப்பாக, பழுப்பில் கறுப்புக் கோடுகளோடு, ஒரு சிறு முட்டை அளவில். குனிய முடியாதவர் குனிந்து எடுத்தார். நடைபாதையின் சிமெண்டுத் தூணில் நாலு தேய் தேய்த்து என் முழங்கையில் வைத்தார். சுட்டது! தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டாம் அது. ஒருவரையொருவர் சூடு வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்களாம். பிறகு விதையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்ற பலகையை அவரும் பார்த்திருந்தார். அன்று நாங்கள் நடந்தது ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு மணி.

சிங்கப்பூர்த் தமிழர்களில் எத்தனை குடும்பங்களுக்கு எல்லைக்கு அப்பால் ஒரு தோட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜொகூரில் பிறந்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், வேறு எதையும் ஒப்பிட வேண்டாம், இங்கே அழைத்துப் போங்கள். நடை நடுவே எங்கே நின்றாலும் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். கழிப்பறை பூங்கா வாயிலில் இருக்கிறது. நீர்ப்பரப்பைப் பார்த்தபடி உட்கார இடங்கள் இருக்கின்றன. துடுப்புவால் கரிச்சான் ஒன்று அநேகமாக எப்போதும் இரண்டு நீண்ட வால் இறகுகளை இழுத்துக்கொண்டு குறுக்கே பறக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எம்ஆர்டி வாசலில் இறங்கி நுழைய முடியாது. பஸ் பிடிக்க வேண்டும், நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். உணவுக்கடை உள்ளே இல்லை. குரங்குகள் நிறைய. பழைய அப்பர் தாம்சன் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போட்ட ஒரு தலைமுறையே இருந்தது. அதன் விளைவாக இன்றும் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டாலே நெருங்கி வருகின்றன. இப்போது வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதன்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வடையோ பிஸ்கட்டோ எதுவானாலும் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பை தொங்கக் கூடாது. குரங்கு எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், நிதானமாக விலகிப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

லோவர் பியர்ஸின் இன்னொரு வசதி, பக்கத்திலேயே தாம்சன் இயற்கைப் பூங்கா. 2019-இல் திறந்தது, 50 ஹெக்டேர். பழைய ஹைனானியச் சீனர் கிராமம் ஒன்று இருந்த இடம்; வாசற்படிகளும் வேலிக்கம்பங்களும் சுவர் எச்சங்களும் மரவேர்களுக்கு இடையே நிற்கின்றன. ரம்புத்தான் மரங்கள் இன்னும் காய்க்கின்றன. உலகத்திலேயே சிங்கப்பூரிலும் தென் மலேசியாவிலும் மட்டும் வாழும் ராஃபிள்ஸ் லங்கூர் என்ற கறுப்பு மந்தியின் வாழிடம் இது. தீவில் அவை நூறுகூட இல்லை. அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அத்தை நீரோரம் உட்கார்ந்திருக்கும்போது மகனும் ஒன்பது வயதுக்காரனும் இந்தப் பூங்காவைச் சுற்றிவிட்டு வரலாம். கால் பாவும் இடம் கரடுமுரடாக இருப்பதால் பெரியவர்களுக்கு இது வேண்டாம். 1961 முதல் 1973 வரை பழைய அப்பர் தாம்சன் சாலையில்தான் கார்ப் பந்தயம் ஓடியது என்று சொன்னால் பையன்கள் நடையின் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள்.

பிடோக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பலமும்கூட. மணல் தோண்டிய பள்ளத்தை 1980-களில் நீர்த்தேக்கமாக்கினார்கள். சுற்றி வர 4.3 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம், வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் ஓரமாகவே பாதை. பிடோக் நீர்த்தேக்கம் என்ற பெயரிலேயே எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. எந்த இடத்தில் கால் வலித்தாலும் சாலை தெரிகிறது, வாடகைக் காரை அழைக்கலாம். விளக்குகள் இருப்பதால் விடியலுக்கு முன்னும் இரவிலும் நடக்கலாம். வேலை நாளில் ஒரு மணி நேரம் கிடைத்தால் நான் இங்கே போவேன். சர்க்கரைக்காகத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றால் இதைவிட ஏற்ற சுற்று இல்லை. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது போதாது. பல இடங்களில் நிழல் கிடையாது, எட்டரைக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும். ஐந்து வயதுக்காரி இரண்டாவது கிலோமீட்டரில் “தூக்குங்கள்” என்பாள்.

அவளுக்கென்று பார்த்தால் ஜூரோங்தான். ஜூரோங் ஆற்றை அணைகட்டி 1971-இல் உருவாக்கிய ஏரி. அதைச் சுற்றி 90 ஹெக்டேரில் தோட்டங்கள். மேற்குக் கரையிலுள்ள ஏரிக்கரைத் தோட்டம் 2019-இல் திறந்தது. சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் மறுபடியும் திறந்தன. எங்கள் தலைமுறையில் திருமணப் படம் எடுக்க அந்த ஏழடுக்குப் பகோடாவின் முன் போய் நிற்காத ஜோடிகள் குறைவு.

ஜூரோங்கின் பாதைகள் தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றபடி அகலமாக, மட்டமாக இருக்கின்றன. கழிப்பறைகள் நிறைய. விளையாட்டு இடம் பெரியது, தண்ணீர் விளையாட்டுக்கும் தனி இடம் உண்டு. மாற்றுடை எடுத்துப் போகாவிட்டால் வருந்துவீர்கள். லேக்சைடு, சீனத் தோட்டம் ஆகிய இரண்டு எம்ஆர்டி நிலையங்களிலிருந்தும் நடந்தே நுழையலாம். வெளியேறும் வழி என்ற என் கேள்விக்கு நான்கில் மிகச் சிறந்த பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ரயில் ஏறிப் போய்விடலாம், திரும்பி வரவே வேண்டாம்.

இவ்வளவும் இருந்தும் ஜூரோங் காடு ஆகிவிடாது. நட்டு வளர்த்த தோட்டம் அது, மனிதன் திட்டமிட்ட ஒழுங்கு எங்கும் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்தது ரசாவு நடைபாதை. சதுப்பு நீரின்மேல் 300 மீட்டர் பலகைப் பாதை. ரசாவு என்பது நன்னீர்ச் சதுப்பில் வளரும் ஒரு தாழை இனத்தின் மலாய்ப் பெயர். நம் ஊர்த் தாழம்பூவின் உறவுக்காரி. முள்விளிம்பு வைத்த அந்த நீண்ட இலையைப் பார்த்ததும் அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்காது. காலையில் போனால் நாரைகள் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம் மீன் கடிக்கும் சத்தம் கேட்கும். நாரை கிடைத்தால் அன்றைக்குப் போதும் என்று போங்கள், நீர்நாய்க்காகக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேறு இடங்களைக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். புக்கிட் தீமா 163 மீட்டர் உயரம்தான் என்றாலும் அது மலையேற்றம், நீர்க்கரை இல்லை. அதன் செங்குத்தான தார்ச்சாலை முட்டிக்குப் பகை. அப்பர் சிலேத்தாரில் ராக்கெட் வடிவக் காட்சிக்கோபுரம் அழகு, ஆனால் கார் இல்லாமல் போவது சிரமம். சுங்கை பூலோ சதுப்பில் முதலையைப் பார்க்கலாம் என்று என் மகன் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறான். அது வேறொரு நாள் கதை.

எங்கே போனாலும் வானத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும் என்றாலும் சில வாரங்களில் நாள் முழுக்க ஓயாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் பாய்ந்து வரும். நாம் நடக்கும் நேரமும் அதுதான். இடி முழங்கினால் திறந்த கரையில் நிற்கக் கூடாது, தனி மரத்தடியில் நிற்கக் கூடாது. இந்த இடத்திலும் வெளியேறும் வழி என்ற கேள்வியே வருகிறது. பிடோக்கிலும் ஜூரோங்கிலும் ஐந்து, பத்து நிமிடத்தில் கூரைக்குள் போய்விடலாம். லோவர் பியர்ஸில் சற்றுக் கூடுதல். மெக்ரிட்சியின் நடுக்காட்டில் மாட்டினால் அடுத்த கொட்டகைவரை நனைவதைத் தவிர வழியில்லை, காற்றில் கிளை முறியும் ஆபத்தும் உண்டு. மழை முன்னறிவிப்பு பாதிக்குப் பாதி என்றால் மெக்ரிட்சியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் குறையக் கூடாது. செருப்போடு காட்டுப் பாதைக்கு வராதீர்கள், மரப்பலகை ஈரமானால் எண்ணெய் தடவியது போல் இருக்கும். பெரியவர்கள் கைத்தடி என்றால் முகம் சுளிப்பார்கள். அதனால் நான் மடக்கும் நடைக்கோல் இரண்டு வாங்கி, ஒன்றை நானே வைத்துக்கொண்டு நடக்கிறேன். இப்போது அத்தையும் மறுப்பதில்லை.

எங்கள் வீட்டு முடிவு இப்படி. முதல் ஞாயிறு எல்லாருமாக லோவர் பியர்ஸ். அத்தைக்கும் சின்னவளுக்கும் பலகைப் பாதை, பையன்களுக்குத் தாம்சன் பூங்கா. பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டா. அடுத்த வார நாள் ஒன்றில், கூட்டமில்லாதபோது, ஜூரோங். அன்று நடையைச் சின்னவள் முடிவு செய்வாள். மகனும் அவன் அப்பாவும் மட்டும் ஒரு சனிக்கிழமை மெக்ரிட்சியை முழுதாகச் சுற்றுவார்கள். நாங்கள் அன்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவோம். பிடோக் எனக்கு, அவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு.

உங்கள் வீட்டில் ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைக்கிறது, எல்லாரும் சேர்ந்தே போகவேண்டும் என்றால்: கூட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ சக்கர நாற்காலியோ இருந்தால் ஜூரோங்; பெரியவர்கள் இருந்து அவர்கள் நடக்கக்கூடியவர்களாகவும் இருந்தால் லோவர் பியர்ஸ்; எல்லாரும் படியேறக் கூடியவர்கள் என்றால் மட்டும் வின்சர் வழியாகத் தொங்குபாலம்.

நேற்று தொலைபேசியில் அத்தையிடம் திட்டத்தைச் சொன்னேன். ஜூரோங்கையும் மெக்ரிட்சியையும் சொன்னபோது “சரி, சரி” என்றார். லோவர் பியர்ஸ் என்றதும், “அந்தப் பால் மரம் இருக்கிற இடம்தானே? இந்தத் தடவை விடியக் கருக்கலிலேயே போய்விடுவோம் அம்மா. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்” என்றார். ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறோம்.